பெற்றோரின் புன்னகைக்காகக் காத்திருந்தவர்கள்



இந்த இலக்கியத் தொடரில் இன்று நான் எடுத்துக்கொள்வது இந்திய ஆங்கில நாவல் ஒன்று. சேத்தன் பகத் எழுதி, 2009ஆம் ஆண்டு ரூபா பதிப்பகத்தின் வெளியீடாக வந்த 'ரூ ஸ்ரேற்ஸ்' என்பது அதன் பெயர். 'இரண்டு மாநிலங்கள்' என்று தமிழில் சொல்லலாம். 'எனது திருமணத்தின் கதை' என்ற பொருளில் அதற்கு ஓர் உபதலைப்பும் உண்டு.

இந்த நூலை எனக்குத் தந்தவள் என் பெறாமகளின் மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்குக் கிளிநொச்சிக்கு வந்தவள், "தாத்தா, இதை ஒருக்கா வாசிச்சு முடியுங்கோ. பிறகு உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்" என்று சொல்லிப் புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். வாசித்து முடித்தேன். அவள் கேட்டாள். அந்தக் கேள்வியை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன்பு நாவலைப் பார்ப்போம்.

சேத்தன் பகத் 1974இல் டில்லியில் பிறந்தவர். டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், அகமதாபாத்திலுள்ள இந்திய முகாமைத்துவக் கழகத்திலும் கற்று, வங்கித் துறையில் வேலை பார்த்தவர். 2004இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலைத் தழுவியே '3 இடியட்ஸ்' என்ற இந்திப் படம் உருவானது. அதுவே 2012இல் சங்கரின் இயக்கத்தில் 'நண்பன்' என்று தமிழில் வந்தது. எனவே இவருடைய பெயர் புதிதாயினும், கதை ஒன்றேனும் உங்களிற் பலருக்குப் பழக்கமானதாகவே இருக்கும். பஞ்சாபிக் குடும்பத்தவரான இவர், தன்னுடன் கற்ற தமிழ்ப் பெண்ணை மணந்தவர். நாவலைத் தன் மனைவியின் பெற்றோருக்கே சமர்ப்பணம் செய்திருக்கிறார். மருமகன் ஒருவன் மாமன் மாமிக்கு நூலைச் சமர்ப்பிப்பது அபூர்வம். அந்தச் சமர்ப்பணத்தின் அர்த்தம் கதையை வாசித்து முடிக்கும்போதுதான் தெளிவாகும்.

கதை இதுதான். டில்லியைச் சேர்ந்த பஞ்சாபி இளைஞன் கிரிஷ், சென்னை மயிலாப்பூரைச் சேர்ந்த பிராமணப் பெண் அனன்யா ஆகிய இருவரும் அகமதாபாத்தில் ஒன்றாகப் படிக்கிறார்கள். உணவுச்சாலையில் தொடங்கிய அறிமுகம் நட்பாகிக் காதலாகிறது. இரண்டு ஆண்டுகள் கழிந்து பட்டமளிப்பு விழாவுக்கு இரு வீட்டாரும் வருகிறார்கள். அங்கேயே முதல் முறுகல் ஆரம்பமாகிறது. ஒரு தரப்பின் உரத்த பேச்சு மறு தரப்புக்கு அநாகரிகமாகத் தெரிகிறது. மறு தரப்பின் அமைதி இவர்களுக்குத் திமிராகத் தெரிகிறது. பிள்ளைகள் இருவரும் நடுவில் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கக்கூடும்: படித்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கும் இருவர் ஏன் பெற்றோரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும்? சட்டம் அவர்களைத் தடுக்கவில்லை. இருவரும் இந்துக்கள். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்படி மாநிலம் வேறு, மொழி வேறு என்பதெல்லாம் திருமணத்துக்குத் தடையல்ல. பெற்றோரின் சம்மதம் இல்லாமலே சடங்கு முறைப்படி மணம் முடித்துப் பதிவுசெய்தால் அதோடு காரியம் முடிந்துவிடும். ஆனால் இவர்கள் அப்படிச் செய்ய மறுக்கிறார்கள். தங்கள் கலியாணத்தன்று இரண்டு வீட்டுப் பெற்றோரும் சிரித்த முகத்தோடு மண்டபத்தில் நிற்கவேண்டும் என்று முடிவெடுக்கிறார்கள். நாவல் முழுவதும் இந்த ஒரு முடிவின் மீதே நடக்கிறது.

நம் மரபில் இதற்குப் பெயர் உண்டு. பெற்றோர் அறியாமல் தலைவனோடு புறப்பட்டுச் செல்வதை உடன்போக்கு என்றனர் முன்னோர். அதற்கு மாறாக, களவாக இருந்த காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தி மணம் முடிக்க வழி செய்வதை அறத்தொடு நிற்றல் என்றனர். தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வர் என்று இலக்கண நூலார் அதன் ஒழுங்கையும் வகுத்திருக்கின்றனர். பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. அந்த 261 அடிகளும் தோழி செவிலிக்கு அறத்தொடு நின்று சொல்லும் ஒரே பேச்சுத்தான். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சுவையை அறிவிக்கவே கபிலர் அதைப் பாடினார் என்பது மரபு வழிச் செய்தி. வடநாட்டவன் ஒருவனுக்குத் தமிழை விளக்க முனைந்த புலவர், பெண் வீட்டாரின் மனத்தை இளக்கும் பேச்சையே பாடுபொருளாகக் கொண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். இருபது நூற்றாண்டுகள் அளவு கடந்த பின், வடநாட்டு இளைஞன் ஒருவன் மயிலாப்பூர் வீட்டு வாசலில் அதே வேலையைச் செய்யவேண்டி வந்திருக்கிறது.

கிரிஷ் என்ன செய்கிறான்? வங்கி உத்தியோகத்தில் சென்னையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டு அங்கே போய்ச் சேர்கிறான். அனன்யாவின் வீட்டில் அவனை ஒருவரும் விரும்பி அழைக்கவில்லை. அவன் வாதாடுவதும் இல்லை. அனன்யாவின் தம்பி மஞ்சு தொழில்நுட்பக் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு விடியற்காலையில் வந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறான். தந்தை சுவாமிநாதன் வங்கியில் நீண்ட காலம் உழைத்தும் மேலதிகாரிகளால் மதிக்கப்படாதவர். கணினியில் அறிக்கை தயாரிக்கத் தெரியாமல் திண்டாடுகிறார். அவர் பக்கத்தில் இருந்து அந்த அறிக்கையைச் செய்து முடிக்க உதவுகிறான். தாய் ராதா கர்நாடக இசை கற்றவர். மேடை ஏறும் ஆசை உள்ளே கிடந்து வாடிப் போனவர். தன் வங்கி நடத்தும் இசை நிகழ்ச்சியில், பெயர் பெற்ற திரையிசைப் பாடகர்களோடு அவரும் பாட வழி செய்கிறான்.

இறுதியில் ஒரு நாள் நான்கு மோதிரங்களை எடுத்துக்கொண்டு போய், அந்தக் குடும்பத்தின் நான்கு பேரிடமும் ஒன்றாகத் திருமண விருப்பத்தைக் கேட்கிறான். பெண்ணை மட்டும் கேட்டு மணம் முடிக்கும் வழக்கம் நம் நாடுகளில் இல்லை என்பதை ஆசிரியர் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. வாசித்துச் சிரித்தேன். சிரித்தபின் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

மறு பக்கம் டில்லி. அங்கே கிரிஷின் தாய் கவிதா. இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் இவர்தான். மகனின் தமிழ்க் காதலியை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார். நிறத்தைப் பற்றிப் பேசுகிறார், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் கொடுமைக்கார மாமியார். ஆனால் அவருடைய வாழ்க்கையைப் பாருங்கள். கணவர் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி. கையோங்கும் மனிதர். உறவினர் மத்தியில் அந்தத் தாய் தலைகுனிந்தே வாழ்ந்தவர். நன்றாகப் படித்து நல்ல உத்தியோகம் பார்க்கும் மகன் ஒருவன்தான் அவரிடம் இருக்கும் ஒரே சொத்து. அவனுடைய கலியாணத்தின் மூலம் தான் இழந்த மதிப்பை ஒரு நாளாவது திரும்பப் பெறவேண்டும் என்று காத்திருந்தவர். அந்தக் கலியாணத்தையும் யாரோ ஒரு பெண் அவரைக் கேளாமலே எடுத்துக்கொண்டு போகிறாள். கோபம் வராமல் என்ன செய்யும்?

அனன்யா டில்லிக்குப் போகிறாள். கிரிஷின் மச்சாள் முறையான பெண் ஒருத்தியின் கலியாணம் நடக்கிறது. நடுவில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பெரிய கார் வேண்டுமென்று நிற்கிறார்கள். பெண்ணின் தகப்பன் ஒடுங்கிப்போகிறார். உறவினர் யாவரும் கைபிசைந்து நிற்க, அனன்யா மணமகனையே நேரே கேள்வி கேட்டு நாணச் செய்கிறாள். கோரிக்கை கைவிடப்படுகிறது. பஞ்சாபி உறவினர் அன்றுதான் அந்தத் தமிழ்ப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இவ்வளவும் நடந்தபின் எல்லாம் சுபம் என்று நினைப்போம். அதுதான் இல்லை. இரு குடும்பமும் பழகிக்கொள்ளட்டும் என்று கோவாவுக்குக் கூட்டிச் செல்கிறார்கள். அங்கே சிறு சிறு மனத்தாங்கல்கள் பெரிதாகி, தன் பெற்றோரை அவமதித்துவிட்டார்கள் என்று அனன்யாவே உறவை முறித்துக்கொண்டு போய்விடுகிறாள். கிரிஷ் உறக்கம் இழந்து நோயாளிபோல் ஆகிறான். அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒருவர் எழுந்து நடக்கிறார். மகன் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளாத அந்தத் தந்தை, வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் தனியாகச் சென்னைக்குப் போய், பெண் வீட்டாரோடு பேசி அவர்களுடைய மனத்தை மாற்றுகிறார். சென்னையில் கலியாணம் நடக்கிறது.

நாவலில் நான் கண்டுகொண்ட முக்கியமான விடயம் இதுதான்: மறுக்கும் பெற்றோரை வாதத்தால் வெல்ல முடிவதில்லை. மறுப்பின் பின்னால் வேறொரு புண் இருக்கிறது. சுவாமிநாதனுக்கு உத்தியோகத்தில் பட்ட அவமானம். ராதாவுக்குப் பாட முடியாத ஏக்கம். கவிதாவுக்குப் பாழாய்ப்போன இல்வாழ்க்கை. பிள்ளையின் காதல் அந்தப் புண்ணில் போய் முட்டும்போதுதான் அவர்கள் கத்துகிறார்கள். கிரிஷும் அனன்யாவும் வெற்றி பெறுவது, எதிரில் நிற்பவரைத் தடையாகப் பார்ப்பதை நிறுத்தி மனிதராகப் பார்க்கத் தொடங்கிய இடத்தில்தான். அத்தோடு, பிள்ளைகள் என்னதான் முயன்றாலும் வீட்டுக்குள்ளிருந்து மூத்தவர் ஒருவர் அவர்களுக்காக எழுந்து பேசாமல் காரியம் முடிவதில்லை என்பதையும் நாவல் சொல்கிறது. அறத்தொடு நிற்றல் என்று இலக்கண நூலார் சொன்னதும் அதுவே.

குறைகளையும் சொல்லவேண்டும். இந்த நாவலின் மொழி மிக எளிமையானது. அகச் சித்திரிப்பின் ஆழத்தை எதிர்பார்த்துப் போவோர் ஏமாறுவர். பஞ்சாபியர் என்றால் பணமும் வெண்ணெயும், தமிழர் என்றால் சங்கீதமும் இறுகிய முகமும் என்று வார்ப்புகளை வைத்தே நகைச்சுவை செய்கிறார். தமிழரின் நிறத்தைப் பற்றிய பகிடிகள் சில இடங்களில் முகம் சுழிக்க வைக்கின்றன. தம்பிக்குப் பாடம், தந்தைக்கு அறிக்கை, தாய்க்கு மேடை என்று கிரிஷ் செய்வது அன்பா, கைக்கூலியா என்ற ஐயமும் எழாமலில்லை.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. காதலர் இருவரும் நல்ல சம்பளம் பெறுபவர்கள். இருவர் குடும்பமும் சமூகத்தின் மேற்படிகளில் நிற்பவை. மொழியும் உணவும் மட்டுமே வேறு. சாதியின் கீழ்ப்படியில் உள்ள ஒருவன் இப்படி வாசலில் போய் நின்றிருந்தால், அவனைத் தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க உள்ளே விட்டிருப்பார்களா? 2012 நவம்பரில் தமிழகத்தின் தருமபுரி மாவட்டத்தில், சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணமாக வைத்து நத்தம் காலனியிலும் அயலிலும் தலித் மக்களின் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. சேத்தன் பகத்தின் நாவல் அந்தத் தெருவுக்குள் போவதில்லை. 2014இல் இந்நாவல் இந்திப் படமாக வந்தபோது அனன்யாவின் தாயாக நமக்கு நன்கு தெரிந்த நடிகை ரேவதி நடித்தார். படமும் அந்தத் தெருவுக்குள் போகவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வன்னியின் நாவல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தண்ணீரூற்றைச் சேர்ந்த அ. பாலமனோகரன் எழுதி, 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த 'நிலக்கிளி'. தண்ணிமுறிப்புக் காட்டையும் குளத்தையும் களமாகக் கொண்டது. அதிலும் ஒரு தகப்பன் மறுக்கிறார். கோணாமலையர் என்ற அந்தத் தகப்பனின் விருப்பத்துக்கு மாறாக, மகன் கதிராமன் பதஞ்சலியைக் கைப்பிடிக்கிறான். அவன் தகப்பனுக்கு அறிக்கை தயாரித்துக் கொடுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியேறிக் குடிசை போட்டு, காட்டை வெட்டித் தனக்கென்று ஒரு வாழ்வை அமைக்க முயல்கிறான். இரண்டு நாவல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கிரிஷுக்குக் கையிலிருந்தது படிப்பு. கதிராமனுக்குக் கையிலிருந்தது கோடரி. வீட்டுக்குள்ளிருந்து கதிராமனுக்காகப் பேசித் தகப்பனை இளக்கக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் என்று அந்த நாவலை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பண்பாடு கடந்த காதல் என்றால் பஞ்சாபும் தமிழகமும் என்று நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. இந்த வன்னிக்குள்ளேயே பல 'மாநிலங்கள்' இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாகக் குளங்களை நம்பி வாழ்ந்த ஆதிக் குடிகள் ஒரு பக்கம். குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்கள், விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் படித்த வாலிபர் திட்டத்தின் கீழ்க் காணி பெற்றவர்கள் மற்றொரு பக்கம். எழுபதுகளின் பஞ்ச காலத்திலும், 1977 வன்செயலின் பின்னும் மலையகத்திலிருந்து வந்து குடியமர்ந்து, காடு வெட்டிக் கமம் செய்தும் கூலி வேலை செய்தும் இந்த மண்ணை விளைவித்தவர்கள் இன்னொரு பக்கம். பேசுவது ஒரே தமிழ். கும்பிடுவது ஒரே பிள்ளையார். ஆயினும் பேச்சுக்கால் என்று வரும்போது ஊர் எது, பகுதி எது என்ற விசாரணை தொடங்கிவிடும். 'தோட்டக்காட்டார்' என்ற ஒரு சொல்லால் எத்தனை படலைகள் சாத்தப்பட்டன என்பதை இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் உங்களில் பலர் அறிவீர்கள்.

எங்கள் வீட்டுப் படலையும் அப்படிச் சாத்தப்பட்டதுதான். என் அண்ணரின் மூத்த மகள், வாய்க்காலுக்கு அப்பால் குடியிருந்த மலையகக் குடும்பத்துப் பையன் ஒருவனை விரும்பினாள். அது 1994ஆம் ஆண்டு. புத்தகங்கள் வாங்க அடிக்கடி என்னிடம் வருபவள், தாய்க்குக்கூடச் சொல்லாமல் முதலில் என்னிடம்தான் சொன்னாள். "சித்தப்பா, அப்பாவோடை நீங்கள்தான் கதைக்கவேணும்" என்றாள். "பொறு பிள்ளை, நேரம் பாத்துக் கதைக்கிறன்" என்றேன்.

அந்த நேரம் வரவேயில்லை. அண்ணரின் கோபத்துக்குப் பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதி, எனக்கும் உள்ளூர அந்தச் சம்பந்தத்தில் மனம் இல்லை. குறிஞ்சிப்பாட்டைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தியார் நான். அறத்தொடு நிற்றலுக்கு வரைவிலக்கணம் எழுதச் சொல்லிப் புள்ளி போட்டவன். என் வாசலுக்கு அது வந்தபோது வாயைத் திறக்கவில்லை. சில மாதங்களில் பிள்ளை அவனோடு போய்விட்டாள். ஒரு சிறிய கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். அண்ணர் அவளின் பெயரை வீட்டில் உச்சரிக்க விடவில்லை.

பதினைந்து ஆண்டுகள் அப்படியே போயின. 2009இல் எல்லோரும் இடம்பெயர்ந்து வவுனியாப் பக்கத்து முகாம் ஒன்றில் இருந்தபோது, அவர்களுடைய கூடாரமும் எங்கள் கூடாரமும் ஒரே வரிசையில் அமைந்துவிட்டன. அந்த மருமகன் ஒவ்வொரு நாளும் விடியமுன் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, இரண்டு வாளிகளில் ஒன்றை அண்ணரின் கூடாரத்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போவான். அவனுக்கு அதில் எந்தக் கணக்கும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வயது போன மனிதன், தண்ணீர் தூக்க மாட்டார் என்று வைத்தான். பத்துப் பதினைந்து நாள் அண்ணர் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவன் வாளியை வைத்துவிட்டுத் திரும்பும்போது, "தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். அன்று மாலை பெறாமகள் பிள்ளைகளோடு வந்து தகப்பனின் காலடியில் இருந்தாள்.

அண்ணர் இப்போது உயிரோடு இல்லை. பேரப்பிள்ளைகளோடு சில ஆண்டுகள் இருந்துவிட்டே போனார். அதில் எனக்கு ஆறுதல்தான். ஆனால் அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளை பட்ட தனிமைக்கு அண்ணர் மட்டுமா பொறுப்பு?

நாவலை வாசித்து முடித்தேன் என்று சொன்னதும் பேத்தி கேட்ட கேள்வி இதுதான்: "தாத்தா, அம்மாவுக்காக அப்ப வீட்டிலை ஒருத்தரும் கதைக்கேல்லையோ?"

"நான் கதைச்சிருக்கவேணும். கதைக்கேல்லை" என்றேன். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

நேயர்களே, 'ரூ ஸ்ரேற்ஸ்' உலக இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசிக்க இலகுவான, சிரிக்க வைக்கும் நாவல். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருப்பவர்கள் வாசிக்கலாம். தன் மகனோடு ஒரு வார்த்தை பேச முடியாத ஒரு தகப்பன், அவனுக்காகச் சென்னைக்குப் போய்ப் பேசுகிற அந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து, "நீங்கள்தான் கதைக்கவேணும்" என்று சொன்னால், நேரம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.